மணநாளை நடத்தி வைப்பவர்



கலியாண வீட்டிலே நாம் எல்லோரும் கண்டிருக்கக்கூடிய ஒரு காட்சியோடு இப்பேச்சைத் தொடங்குகின்றேன். மணவறையில் மாப்பிள்ளையும் பெண்ணும் வீற்றிருக்கின்றனர். குருக்கள் மந்திரம் ஓதுகின்றார். சபையோர் கண்களெல்லாம் மணவறையை நோக்கியிருக்க, பந்தலின் ஓரத்தில் ஒருவர் மாத்திரம் வேறு திசையை நோக்கி நிற்கின்றார். ஒரு கணம் அவர் பார்வை கடிகாரத்தின் மேற் செல்கின்றது. மறுகணம் அடுக்களை வாசலுக்குச் செல்கின்றது. அறுகரிசித் தட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டதா, கூறைத் தட்டத்தை ஏந்தவேண்டியவர் எங்கே, முதற் பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று அவர் மனம் கணக்கிட்டுக்கொண்டே இருக்கின்றது. தவில்காரருக்குக் கண்ணாற் சைகை செய்பவரும் அவரே. தாலி ஏறுகின்ற அந்த நொடியை அவர் பெரும்பாலும் காண்பதில்லை. கலியாணப் படத் தொகுதியிலும் அவர் முகத்தைக் காண்பது அரிது.

அவர் யார்? ஒரு காலத்தில் அவர் பெண்ணுக்குத் தாய்மாமனாகவோ பெரியப்பாவாகவோ இருந்தார். இன்று பல வீடுகளில் அவர் பணம் கொடுத்து அமர்த்தப்பட்டவராக இருக்கின்றார். திருமண ஒழுங்கமைப்பாளர் என்று அழைப்பிதழ் மொழியிலும், வெடிங் பிளானர் என்று பேச்சு வழக்கிலும் அவருக்குப் பெயர் வழங்குகின்றது. மணநாளை நடத்துவது கூலிக்கு விடத்தக்க காரியமா என்று முதியோர் சிலர் வருந்துவதைக் கேட்டிருக்கின்றேன். அந்த வருத்தத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிற் சங்க காலத்துக்குச் செல்வோம். அகநானூற்றிலே இரண்டு பாடல்கள் திருமணத்தை நமக்குப் படம் பிடித்துக் காட்டுகின்றன. ஒன்று 86ஆம் பாடல். நல்லாவூர் கிழார் பாடியது. மற்றது 136ஆம் பாடல். விற்றூற்று மூதெயினனார் பாடியது. முதற் பாடலில் வரும் செய்தி இது. உழுந்து சேர்த்துச் சமைத்த உணவு வருவோர்க்கெல்லாம் பரிமாறப்படுகின்றது. வரிசையாகக் கால் நாட்டிய பந்தரிலே புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டிருக்கின்றார்கள். இருள் நீங்கும் வைகறையில், தீய கோள்களின் தொடர்பற்ற நல்ல நாளிலே மணம் நிகழ்கின்றது. தலையிற் குடமும் கையிற் புதிய அகன்ற கலங்களும் கொண்ட முதுபெண்டிர், ஆரவாரத்தோடு நடமாடி, முன்னே தரவேண்டியதை முன்னேயும் பின்னே தரவேண்டியதைப் பின்னேயுமாக ஒழுங்குபட எடுத்துக் கொடுக்கின்றனர். பின்னர், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர், பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர்.

நேயர்களே, இங்கே அந்த முதுபெண்டிரைச் சற்று உற்று நோக்குங்கள். அவர்கள் மந்திரம் சொல்லவில்லை. வாழ்த்தும் நால்வரோடு புலவர் அவர்களைச் சேர்க்கவுமில்லை. எந்தப் பொருள் எப்போது யார் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை அறிந்து, அந்த முறை பிறழாமற் காப்பதே அவர்கள் தொழில். மணநாளை நடத்துபவர் என்று நாம் இன்று கூறும் பதவிக்குத் தமிழிலக்கியத்திற் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று எனலாம். அப்பதவியை அன்று வகித்தோர் பெண்கள். அதிலும் அனுபவம் முதிர்ந்த பெண்கள். இந்த இரண்டு பாடல்களிலும் எரிவலம் வருதலும் மறை ஓதுதலும் சொல்லப்படவில்லை. சுற்றத்தாரே விருந்தளித்தனர், சுற்றத்தாரே வாழ்த்தினர், சுற்றத்தாரே பெண்ணைக் கணவனிடம் ஒப்படைத்தனர்.

136ஆம் பாடலில் ஒரு சிறு செய்தி வருகின்றது. மணமகளுக்கு வெண்ணூலிற் கோத்துச் சூட்டிய மங்கலப் பொருள்களிலே அறுகும் ஒன்று. இன்று யாழ்ப்பாணத்திலே மாப்பிள்ளையை நீராட்டுமுன் தலையில் வைக்கும் பாலறுகிலும், சபையோர் வாழ்த்தித் தூவும் அறுகரிசியிலும் அதே புல் இடம்பெறுகின்றது. அரசுகள் எழுந்தன, வீழ்ந்தன. சமயங்கள் வந்தன, போயின. வாய்க்கால் வரம்பிலே முளைக்கும் இச்சிறு புல் மணவீட்டைவிட்டு நீங்கவில்லை. அதை அந்த நாட் காலையிலே பறித்துக் கழுவி, தட்டத்தில் வைத்துத் தர ஒருவர் எக்காலத்திலும் இருந்திருக்கின்றார் என்பதே இதன் பொருள்.

அடுத்துச் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். இளங்கோவடிகள் மங்கலவாழ்த்துப் பாடலிலே கோவலன் கண்ணகி திருமணத்தைப் பாடுகின்றார். இது சிற்றூர்க் கலியாணமன்று. புகார் நகரத்துப் பெருவணிகர் இல்லத்துத் திருமணம். மகளிரை யானைமேல் ஏற்றி அனுப்பி, மாநகர் முழுவதற்கும் மணச்செய்தியை அறிவிக்கின்றனர். மலரும் விளக்கும் முளைப்பாலிகைக் குடமும் ஏந்திய மகளிர் வரிசை வரிசையாக வருகின்றனர். முதிய அந்தணர் ஒருவர் முன்னின்று சடங்கை நடத்த, மணமக்கள் தீயை வலம் வருகின்றனர். சங்கப் பாடல்களில் ஒரே சுற்றத்தார் செய்த கருமங்கள் இங்கே பிரிந்துவிட்டன. சடங்குக்கு ஒருவர், அறிவிப்புக்குச் சிலர், ஏந்தி வருவதற்குப் பலர். ஊர் பெருகப் பெருக, கலியாணமும் பலர் பகிர்ந்து செய்யும் தொழிலாயிற்று.

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழுகின்றது. இத்தனை ஏற்பாடு எதற்காக? இருவர் மனமொத்து வாழத் தொடங்குவதற்கு யானையும் பந்தரும் வேண்டுமா? தொல்காப்பியனார் கற்பியலிலே இதற்கு விடை தருகின்றார். ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்ட பின்னர் அதை மறுத்துப் பொய்யுரைக்கும் வழக்கம் தோன்றியபோது, பெரியோர் கரணம் என்னும் மணச்சடங்கை வகுத்தனர் என்பது அவர் கருத்து. அஃதாவது, ஊரறியச் செய்த மணத்தைப் பின்னர் இல்லையென்று ஒருவரும் சொல்லிவிடல் ஆகாது. ஆகவே, மணநாளை நடத்துவோர்க்கு இரண்டு கடமைகள் உண்டென்பது புலனாகும். ஒன்று, நிகழ்ச்சியை முறைபிறழாமல் நடத்தும் ஒழுங்கு. மற்றொன்று, நிகழ்ந்ததற்கு நின்று சொல்லும் சாட்சி. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு நமது நாட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே, நம் பாட்டன்மார் காலத்துக் கலியாணத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் நாள் குறிக்கவேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் இங்கு வழக்கில் உள்ளன. இரண்டுக்கும் இடையே நேரம் வேறுபடுவதுண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றையும் பெண் வீட்டார் மற்றொன்றையும் பின்பற்றுவோராயின், இருவர்க்கும் பொருந்தும் முகூர்த்தத்தைத் தேடி இணக்கம் காண்பது முதலாவது பெருங் கருமம். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். முகூர்த்தம் ஒன்றுக்கு இரண்டு நாழிகை. எனவே கலியாணத்தை நடத்துபவர் கையில் இருப்பது 48 நிமிடப் பொழுதுதான். அதற்கு முந்திய நாட்களின் உழைப்பெல்லாம் அந்தச் சிறு பொழுதை நோக்கியே செல்கின்றது.

பொன்னுருக்கும் நாளிலே மாப்பிள்ளை வீட்டிற்கு ஆசாரியார் வந்து தாலிக்குரிய பொன்னை உருக்குவார். கன்னிக்கால் நாட்டுவர், முளைப்பாலிகை இடுவர். கலியாணத்துக்கு முதல்நாள் இரவு அயலவர் கூடியிருந்து கறிகாய் வெட்டுவர். வீடு வீடாகச் சென்று கிடாரமும் அண்டாவும் பாயும் இரவல் வாங்கி வருவர். எந்தக் கிடாரம் எவர் வீட்டது என்பதை நினைவில் வைத்திருந்து மறுநாள் திருப்பிக் கொடுக்கவேண்டுமே! சாமான் அறையின் திறப்பு ஒரு பெரியவரின் மடியில் இருக்கும். அரிசி, பருப்பு, தேங்காய், வெற்றிலை எல்லாம் அவர் கணக்கின்படியே வெளிவரும். எத்தனை பேர் வருவர், எத்தனை பந்தி அமரும், மழை பெய்தால் எங்கே இலை போடுவது என்பதெல்லாம் அவர் தலையிலேதான் இருந்தன, தாளில் இல்லை.

மணநாளிலே தோழனின் பணி தனித்துவமானது. நம்மவர் வழக்கில் மாப்பிள்ளைத் தோழன் பெரும்பாலும் பெண்ணின் சகோதரனே. வாசலிலே மாப்பிள்ளையின் காலைக் கழுவி அவன் வரவேற்க, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் அணிவிப்பார். மங்கலப் பெண்கள் இருவர் ஆலாத்தி எடுப்பர். இங்ஙனம் ஒவ்வோர் உறவுக்கும் ஒவ்வோர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தை ஒருவர் ஏற்றால், அந்த உறவை அவர் ஊர்முன் ஒப்புக்கொண்டார் என்பது பொருள். கோபித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் சிற்றப்பாவை நேரிற் சென்று அழைத்து வந்து அவருக்குரிய இடத்தில் நிறுத்துவதும், அக்காலத்து ஒழுங்கமைப்பாளரின் வேலைகளுள் ஒன்றாயிருந்தது. அதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலை என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

நம் சிங்களச் சகோதரரிடத்தும் இத்தகைய அமைப்பைக் காணலாம். பொறுவ என்னும் மணமேடையிலே மணமக்களின் சுண்டுவிரல்களை நூலாற் கட்டி நீர் வார்க்கும் உரிமை மரபுப்படி தாய்மாமனுக்கு உரியது. மொழியும் சமயமும் வேறாயினும், மாமன் நின்று நடத்தாத கலியாணம் நிறைவுபெறாது என்ற உணர்வு இரு சாராருக்கும் பொதுவாக உள்ளது.

இனி, பழைய முறையின் மற்றொரு பக்கத்தையும் மறையாமற் சொல்லவேண்டும். பந்தலின் விதானத்துக்கு வெள்ளை கட்டியவரும், மாப்பிள்ளை நடந்துவர நிலபாவாடை விரித்தவரும் ஊர்ச் சலவைத் தொழிலாளியாகிய கட்டாடியார். மாப்பிள்ளைக்கு முகவேலை செய்தவர் பரியாரியார் எனப்பட்ட நாவிதர். இவர்களின்றி மணவினை தொடங்கவே மாட்டாது. எழுத்தும் பதிவும் அருகியிருந்த காலத்திலே, இன்னார்க்கும் இன்னார்க்கும் மணம் நடந்தது என்பதற்கு இவர்களே வலிய சாட்சிகளாகவும் விளங்கினர். இத்துணை முக்கியமான பணியைச் செய்தவர்கள் பந்தியிலே பிறரோடு சமமாக அமர இயலவில்லை. அவர்கள் உழைப்பு விரும்பி ஏற்ற தொழிலன்று. பிறப்பினால் விதிக்கப்பட்ட குடிமை. அவர்கள் பெற்ற நெல்லும் துணியும் பேசி முடித்த கூலியன்று. கொடுத்தவர் மனம் போன அளவு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் ஒதுக்கிவைத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த நாளிலேயே மனம் மாறிவிடவில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஆதலின், அந்தக் காலத்திலே எல்லோரும் அன்பினாற் கூடிக் கலியாணம் நடத்தினர் என்று யாராவது பெருமூச்சு விடும்பொழுது, அந்த எல்லோரிலும் யார் விரும்பி வந்தார், யார் வராமலிருக்க முடியாமல் வந்தார் என்று கேட்பது வரலாறு கற்றோரின் கடன்.

சாட்சி என்னும் கடமை எவ்வாறு கைமாறியது என்பதை அடுத்து நோக்குவோம். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்றுப் பாடசாலையே திருச்சபையின் அலுவலகமாகவும் இயங்கியது. பாடசாலை ஆசிரியர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பு என்னும் ஏட்டில் எழுதியும் வைத்தார். மணம் முடிக்க வருவோர் சமயப் பாடத்தில் தேறியிருத்தலும் எதிர்பார்க்கப்பட்டது. ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையில் இச்செய்தியைப் படிக்கும்போது எனக்குச் சிறிது நகைப்பும் சிறிது அச்சமும் உண்டாவதுண்டு. கணக்குப் பாடத்திலே தேறாத மாணவனுக்குக் கலியாணத்தையும் மறுக்கும் அதிகாரம் எனக்கு இருந்தால் ஊரார் என்னை எவ்வாறு நோக்குவர்! வேடிக்கை ஒருபுறமிருக்க, ஊரார் நினைவிலிருந்த சாட்சி, முதன்முறையாக அரசாங்கத்தின் ஏட்டுக்குச் செல்லத் தொடங்கிய காலம் அதுவே.

1706இல் யாழ்ப்பாணத்துத் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அலுவலர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பைத் தமிழ் முதலியார் பன்னிருவர் பரிசீலித்து ஏற்றனர். சீதனம், முதுசம், தேடிய தேட்டம் ஆகியவை பற்றி அது விரிவாகப் பேசுகின்றது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் அதற்குச் சட்டவலு அளித்தனர். சொத்துரிமை விவாகத்தோடு பிணைந்திருந்தமையால், விவாகம் நடந்ததா இல்லையா என்ற வினாவுக்கு ஐயமற்ற விடை வேண்டியதாயிற்று. 1847ஆம் ஆண்டிலே விவாகப் பதிவுக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பின்னர் திருத்தங்கள் பல கண்டு, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் நிலைபெற்றது. பதிவேட்டுக் குறிப்பே விவாகத்துக்குச் சிறந்த சான்று என்று அது கூறுகின்றது. எழுத்து முடிந்தது என்று நம்மவர் சொல்லும் சொல்லிலே, இந்த வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. 1995ஆம் ஆண்டின் திருத்தத்தினால் அச்சட்டத்தின் கீழ் மணமுடிக்கும் வயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது என்று பாடிய காலத்திலிருந்து நாம் நடந்துவந்த தூரத்தை இதனால் அளந்துகொள்ளலாம்.

அக்கரையிலே தமிழ்நாட்டில், சாட்சியின் வேறொரு வடிவம் தோன்றியது. புரோகிதரின்றி, சான்றோர் ஒருவர் தலைமை தாங்க, மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியார் ஈ. வெ. இராமசாமி 1928ஆம் ஆண்டு முதல் நடத்தி வைக்கலானார். அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ஆம் ஆண்டிலே, அத்தகைய திருமணங்கள் செல்லும் என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. சடங்கை ஏற்போரும் மறுப்போரும் ஒன்றில் உடன்பட்டனர் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். மந்திரம் வேண்டாம் என்றவர்களும் சபை வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னின்று நடத்த ஒருவரும், கண்டு சொல்லப் பலரும் அவர்களுக்கும் வேண்டியிருந்தனர்.

இவ்வாறு சாட்சி பதிவேட்டுக்குச் சென்றபின்னும், ஒழுங்கு என்னும் கடமை குடும்பத்தாரிடமே நெடுங்காலம் இருந்தது. அது கைமாறியது நம் கண்முன்னேதான். முற்றத்துப் பந்தலிலிருந்து கலியாணம் மண்டபத்துக்குச் சென்றது. மண்டபத்தை மணிக்கணக்கில் ஒப்படைக்கவேண்டியிருந்தது. சமையல், சோடனை, படப்பிடிப்பு, மேளம் ஒவ்வொன்றும் தனித்தனி ஒப்பந்தமாயிற்று. பல ஒப்பந்தக்காரரை ஒரே நூலிற் கோக்க ஒருவர் தேவைப்பட்டார். சாவி அவர்கள் எழுதி, ஆனந்த விகடனிலே தொடராக வந்த வாஷிங்டனில் திருமணம் என்ற நகைச்சுவைக் கதையைப் பலர் படித்திருப்பீர்கள். அமெரிக்காவிலே தமிழ்க் கலியாணம் நடத்துவதற்கு வேண்டிய ஆட்களையும் பொருள்களையும் இங்கிருந்து கொண்டுசெல்லும் பாடு அன்று வாய்விட்டுச் சிரிக்கத்தக்க கற்பனையாக இருந்தது.

நம்மவரிடையே அந்தக் கற்பனை துயரத்தின் வழியாக மெய்யாயிற்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின் நம் குடும்பங்கள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சிதறின. உள்நாட்டிலும் இடம்பெயர்ந்தோர் தொகை பெருகியது. கிடாரம் இரவல் தந்த அயலவர் வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பை மடியில் வைத்திருந்த பெரியவர் பிறநாட்டிலே முதுமையைக் கழித்தார். கறிகாய் வெட்டக் கூடும் கைகள் இல்லாத ஊரிலே, கூலிக்கு வரும் கைகளை நாடுவது ஆடம்பரமன்று, தேவை. பணம் கொடுத்து ஆள் பிடிக்கின்றார்களே என்று குறைகூறும் முன்னர் இதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து மண்டபமொன்றிலே உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வந்திருந்தனர். நிகழ்ச்சியை நடத்த அமர்த்தப்பட்டிருந்தவர், என்னிடம் படித்த பழைய மாணவர். கையிலே ஒரு கொப்பி. அதில் நேரமும் பொருளும் பொறுப்பாளர் பெயரும் நிரல்நிரலாக எழுதப்பட்டிருந்தன. ஆறு மணிக்கு மேளகாரர் வருகை, ஆறரைக்குப் பாலறுகு, எட்டுக்கு மாப்பிள்ளை புறப்பாடு, விவாகப் பதிவாளருக்கு மேசையும் நிழலும், பேனை இரண்டு. பாடசாலையில் நேரசூசி போடுவதிலே பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்தக் கொப்பியைக் கண்டு வியந்தேன். மணவறைக்கு எதிரே, வெளிநாட்டிலுள்ள உறவினர் காணும்படி ஒரு கைத்தொலைபேசியையும் தண்டிலே பொருத்தியிருந்தார். புகாரிலே யானை சென்று அறிவித்த வேலையை அச்சிறு கருவி செய்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். தோழனாக நிற்க ஒருவரும் இல்லை. பெண்ணுக்கு ஒரே ஒரு தம்பி இருந்தான், போரின் இறுதி ஆண்டாகிய 2009இலே காணாமற்போனவன், இன்றுவரை செய்தியில்லை. அந்த இடத்துக்கு வேறொருவரை நியமிக்கத் தாயாருக்கு மனம் வரவில்லைப்போலும். கடைசி நிமிடம் வரை அதைப்பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. இப்போது செம்பைக் கையில் எடுத்து, அந்த இளைஞரிடமே நீட்டி, "தம்பி, நீரே ஊத்தி விடும்" என்றார். அவர் செம்பை வாங்கவில்லை. "அம்மா, மிச்ச எல்லாம் நான் செய்யிறன். இது உங்கட பிள்ளை நிக்கிற இடம். சொந்தத்திலை ஒரு தம்பியைக் கூப்பிடுறன், பொறுங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சபைக்குள் விரைந்தார். பெண்ணின் சித்தி மகன், பத்து வயதுச் சிறுவன், கையைப் பிடித்து அழைத்து வரப்பட்டான். எவ்வாறு குனியவேண்டும், எவ்வளவு நீர் வார்க்கவேண்டும் என்று காதருகே சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் நகர்ந்து நின்றார். சிறுவன் நீர் வார்த்தான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரத்தை அணிவித்தார். அது அவனுக்குப் பெரிதாயிருந்தது. தாயார் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் தாமதம் நான்கு நிமிடம். அதையும் தன் கொப்பிக் கணக்கில் எங்கோ ஈடுசெய்து, முகூர்த்தம் தவறாமல் அவர் நடத்தி முடித்தார்.

நேயர்களே, முதலில் எழுப்பிய கேள்விக்கு அந்த இளைஞரே விடை தந்துவிட்டார் என்று கருதுகின்றேன். ஒழுங்கை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அதற்குக் கூலி பேசலாம்; பேசத்தான் வேண்டும். பேசிய கூலி பெறும் தொழிலாளி, விதிக்கப்பட்ட குடிமை செய்த அந்நாளைய மனிதரைவிட மதிப்பான நிலையில் நிற்கின்றார். ஆனால் உறவாகவும் சாட்சியாகவும் நிற்கும் இடத்துக்கு எவரையும் அமர்த்துதல் இயலாது. அவ்விடத்தை நாமே சென்று நிரப்பவேண்டும். தன் தொழிலின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை அறிந்திருந்தார் அந்த இளைஞர். எங்கள் கடமை எங்கே தொடங்குகின்றது என்பதை, அழைப்பிதழ் பெற்று உணவருந்தி மீளும் நாம் அறிந்திருக்கின்றோமா? கலியாணத்துக்குச் சென்று, உணவுண்டு, படத்துக்கு நின்று, தாலி ஏறுமுன்னரே திரும்பிவிடும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகின்றது. ஒழுங்கமைப்பாளரைக் குறைகூறுவதினும், சபையிலே நமக்குரிய ஆசனத்தில் நிலைத்திருந்து அறுகரிசி இட்டு வாழ்த்துவது பயனுடைத்து.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மண்டபம் வெறுமையாயிற்று. இளைஞர் அடுக்களை வாசலிலே நின்று, எஞ்சிய பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "தம்பி, சாப்பிட்டீரோ?" என்று கேட்டேன். "எல்லாரும் இருந்தாப் பிறகுதான் சேர்" என்றார். பழைய கலியாண வீட்டிலே திறப்பை மடியில் வைத்திருந்த பெரியவரும் இதே விடையைத்தான் சொல்லியிருப்பார். கட்டாடியாரையும் பரியாரியாரையும் நம் முன்னோர் இக்கேள்வி கேட்டு அருகே அமர்த்தியிருந்தால், எத்தனையோ கசப்புக்களை நம் சமூகம் தவிர்த்திருக்கும். அன்று நான் ஓர் இலையை அவருக்கும், ஓர் இலையை எனக்குமாகப் போடச் சொல்லி, இரண்டாம் முறை சிறிது மோர் குடித்தேன். நீங்களும் அடுத்த கலியாண வீட்டிலே, மணவறைக்கு முதுகு காட்டி நிற்கும் அந்த மனிதரைக் காணும்போது, அக்கேள்வியை மறவாமற் கேளுங்கள்.